திரும்பிப் பார்க்கும்போது தேதியோடு பாருங்கள்: மனநலம் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

மனநலச் சிகிச்சை பெற்று மீண்டவர்களும், மீண்டுகொண்டிருப்பவர்களும், தங்கள் நலனுக்கு எந்த இடத்தைக் கொடுப்பது என்று தடுமாறுபவர்களும் எழுதிய கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகள் இங்கே இடம்பெறுகின்றன. பதில் எழுதுபவர் உளவியல் ஆலோசகர். பல ஆண்டுகளுக்கு முன்பு தாமும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர். கடிதம் எழுதியவர்களின் பெயர்கள் அவர்களது விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு 38 வயது. மனச்சோர்வுக்கு 14 மாதங்கள் சிகிச்சை பெற்றேன். இப்போது நலமாக இருக்கிறேன் என்று மருத்துவரும் சொல்கிறார், நானும் உணர்கிறேன். கடந்து வந்த காலத்தைத் திரும்பிப் பார்த்து எழுதினால் நல்லது என்று நண்பர்கள் சொன்னதால் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த நாட்களில் நடந்த கெட்டவை மட்டுமே நினைவுக்கு வருகின்றன. அந்தக் காலம் முழுவதும் வீணாகப் போய்விட்டது என்ற முடிவுக்கே ஒவ்வொரு முறையும் வந்து சேர்கிறேன். எழுதுவதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம்; ஆனால் எழுதும் முறையை மாற்ற வேண்டும். நினைவு என்பது நடந்ததை அப்படியே பூட்டி வைத்திருக்கும் பெட்டி அன்று. எந்த மனநிலையில் நாம் தேடுகிறோமோ அந்த மனநிலைக்கு ஒத்த நினைவுகளே முதலில் கைக்குக் கிடைக்கின்றன என்பதை உளவியலாளர் கார்டன் போவர் 1981-இல் விரிவாக எழுதினார். மனச்சோர்வில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 1986-இல் மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் என்ற ஆய்வாளர்கள் இருவர், தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவர்களிடம் ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து, அச்சொல் நினைவூட்டும் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்லக் கேட்டார்கள். அவர்களில் பலரால் ஒரு நாளில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல முடியவில்லை. ‘எப்போதுமே இப்படித்தான்’, ‘எதிலும் தோற்றேன்’ என்ற பொதுவான விடைகளே மிகுதியாக வந்தன. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதே போக்கு இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நீங்கள் நலமடைந்த பிறகும், அந்தக் காலத்தைப் பற்றிய நினைவுகள் அன்றைய மனத்தால் பதிவு செய்யப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தக் காலம் வீணானது என்பது நீங்கள் எழுதிய வரலாறு அன்று, நீங்கள் வழங்கிய தீர்ப்பு. அதுவும் ஒரு தரப்புச் சாட்சியை மட்டும் விசாரித்து வழங்கிய தீர்ப்பு.

ஆகவே மற்ற சாட்சிகளையும் அழைக்க வேண்டும். மருந்துச் சீட்டுகளில் தேதி இருக்கும். கைப்பேசியில் அந்த மாதங்களில் நீங்கள் எடுத்த படங்களும் அனுப்பிய செய்திகளும் இருக்கும். அலுவலக விடுப்புப் பதிவு இருக்கும். இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், யாருடன் பேசினீர்கள், எதைச் செய்ய நினைத்தீர்கள், எது முடிந்தது, எது முடியவில்லை என்று எழுதினால் போதும். அதன்மேல் முடிவுரை எதுவும் எழுத வேண்டாம்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். நோயின் மிக மோசமான மூன்று மாதங்களில் நான் படுக்கையை விட்டே எழவில்லை என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் பிறரிடமும் சொல்லி வந்தேன். பிறகு ஒரு பழைய குறிப்பேடு கையில் சிக்கியது. அதன்படி இரண்டாவது மாதத்தில் பதினொரு நாட்கள் வேலைக்குப் போயிருக்கிறேன். ஒரு நாள் மிதிவண்டிச் சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பதினொரு நாட்களும் என் நினைவில் எங்கும் இல்லை. படித்தபோது மகிழ்ச்சி வந்தது என்று சொல்ல மாட்டேன், சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. என்னைப் பற்றி நானே இவ்வளவு தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தேனா என்ற கூச்சம்.

எழுதுவதன் பலனைப் பற்றி மிகையாகவும் நம்பிவிட வேண்டாம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் மாணவர்கள் நாள்தோறும் 15 நிமிடங்கள் வீதம் நான்கு நாட்கள், தங்களை மிகவும் பாதித்த நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் அவர்களது மனம் மேலும் கனத்ததே தவிர லேசாகவில்லை. அதன் பின் வந்த மாதங்களில்தான், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. பின்னாளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பலன் இருப்பது உறுதியானாலும், அது சிறிய அளவினதாகவே தெரிந்தது. எனவே எழுதிய மாலையில் மனம் சற்றுத் தாழ்ந்தால் அஞ்ச வேண்டாம். மறுநாளும் அதற்கு மறுநாளும் தாழ்ந்தே இருந்தால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஆலோசகரின் துணையோடு தொடருங்கள். இன்னொன்று, ‘மனநலப் பயணம்’ என்ற சொல்லாட்சி எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பயணம் என்றால் போய்ச் சேரும் ஊர் ஒன்று இருக்க வேண்டும். இங்கே அப்படி ஓர் ஊர் இல்லை என்பதாலேயே பலர், இன்னும் வந்து சேரவில்லையே என்று தங்களை வருத்திக்கொள்கிறார்கள்.

கேள்வி: என்னை நானே ஆராய்ந்து பார்ப்பது நல்லது என்கிறார்கள். நான் நாள் முழுவதும் அதைத்தான் செய்கிறேன். எனக்கு ஏன் நன்மை கிடைக்கவில்லை?

பதில்: நீங்கள் செய்வது ஆராய்ச்சியன்று, அசைபோடுதல். மாடு அசைபோட்டால் உண்டது செரிக்கும். மனம் அசைபோட்டால் எதுவும் செரிப்பதில்லை, அதே கவளம் மீண்டும் மீண்டும் மேலே வருகிறது. சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் 1991 முதல் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்: தம் துயரத்தையும் அதன் காரணங்களையும் செயல் ஏதுமின்றித் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருப்பவர்களிடம் மனச்சோர்வு நீண்ட நாள் தங்குகிறது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்?’ என்ற வகைக் கேள்விக்கு முடிவே கிடையாது. ‘நேற்று மாலை அந்தப் பேச்சு எந்த இடத்தில் சண்டையாக மாறியது?’ என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. ஆகவே கேள்வியை ஏன் என்பதிலிருந்து எப்போது, எங்கே, எப்படி என்பவற்றுக்கு நகர்த்துங்கள். எட்வர்ட் வாட்கின்ஸ் என்ற உளவியலாளர் இந்த மாற்றத்தையே அடிப்படையாகக் கொண்டு ஒரு சிகிச்சை முறையை வகுத்திருக்கிறார். இருபது நிமிடங்கள் யோசித்த பிறகும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை, செய்வதற்கும் எதுவும் அகப்படவில்லை என்றால், எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். இது தப்பித்தல் ஆகாதா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஆகாது, விடையில்லாத கேள்வியின் முன் உட்கார்ந்திருப்பதில் வீரம் எதுவும் இல்லை.

கேள்வி: எனக்கு இருப்பது நோயா, வெறும் கவலையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தாழ்ந்த மனநிலை அல்லது எதிலும் நாட்டமின்மை, இவ்விரண்டில் ஒன்றாவது நாளின் பெரும்பகுதியில், ஏறக்குறைய நாள்தோறும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தூக்கம், பசி, உடல் வலு, கவனம், அசைவின் வேகம் ஆகியவற்றில் மாற்றம், தகுதியற்றவர் என்ற எண்ணம் அல்லது குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றையும் சேர்த்து மொத்தம் ஒன்பது அறிகுறிகளை மருத்துவர்கள் கணக்கில் கொள்கிறார்கள். அவற்றில் ஐந்தாவது இருந்து, அன்றாட வாழ்க்கையும் பாதிக்கப்பட்டிருந்தால் அதை மனச்சோர்வு நோய் என்று வகைப்படுத்துகிறார்கள். முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். தைராய்டு சுரப்புக் குறைவும், இரத்தசோகையும், வைட்டமின் பி12 குறைபாடும் இதே போன்ற சோர்வைத் தரக்கூடியவை என்பதால் இரத்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஐந்து அறிகுறிகள் இல்லை, நான்குதான் இருக்கின்றன என்று கணக்குப் பார்த்துக்கொண்டு உதவி தேடாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரையும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எல்லோரும் ‘முதலில் உன் நலனைப் பார்’ என்கிறார்கள். கேட்கும்போதே எரிச்சலாக இருக்கிறது. எனக்கு நேரம் எங்கே இருக்கிறது? நேரம் கிடைத்தாலும் அது சுயநலமாகத் தோன்றுகிறதே?

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. ‘உன்னைப் பார்த்துக்கொள்’ என்று சொல்பவர், அதற்குத் தேவையான இரண்டு மணி நேரத்தை யார் தருவது என்று சொல்வதில்லை. இருக்கும் வேலைகளோடு ‘நலமாக இருத்தல்’ என்று இன்னொரு வேலையையும் உங்கள் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறார். நெடுநாள் நோயாளியைக் கவனிப்பவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது என்பது பல ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. அது அவர்களது மன உறுதி குறைந்ததால் வருவதன்று. தூக்கம் துண்டு துண்டாகிப் போவதும், வெளியாட்களோடு பேச்சு அறுந்துபோவதும், தமக்கென்று இருந்த சிறு விருப்பங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோவதும் சேர்ந்துதான் அதைக் கொண்டுவருகின்றன.

எனவே நலன் என்ற பெரிய சொல்லை விட்டுவிட்டு, நின்றுபோனவற்றை எண்ணிப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நீங்கள் செய்துகொண்டிருந்த, இப்போது செய்யாத ஐந்து காரியங்களைத் தாளில் எழுதுங்கள். அவற்றுள் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்து, வாரத்தில் ஒரு நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். விருப்பம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. மனச்சோர்வில் செயல் முன்னே போக வேண்டும், விருப்பம் பின்னால் வந்து சேரும். உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970-களில் இக்கருத்தை வளர்த்தெடுத்தார். நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் முழுமையான சிகிச்சை தந்த அதே அளவு பலனை, செயல்களைத் திட்டமிட்டுச் செய்யவைக்கும் பகுதி மட்டுமே தந்தது.

உதவி கேட்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘யாராவது கொஞ்சம் உதவக் கூடாதா?’ என்று வீட்டில் பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் வர மாட்டார்கள். ‘செவ்வாய்க்கிழமை நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை அத்தையின் அருகில் நீங்கள் இருக்க வேண்டும், மருந்து ஐந்து மணிக்கு’ என்று உங்கள் கணவரிடமோ அவருடைய உடன்பிறந்தவர்களிடமோ பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், மறுத்தவர் யார் என்பதாவது தெளிவாகும். அந்த இரண்டு மணி நேரத்தில் பாக்கி வேலைகளை முடிக்கலாமே என்று கை பரபரக்கும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

சுயநலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பிள்ளைகள் இருவரில் ஒருவர் இதே நிலையில் இருந்து, இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலோர் பிள்ளைக்குச் சொல்லும் பதிலும் தமக்குச் சொல்லிக்கொள்ளும் பதிலும் ஒரே வீட்டில் பிறந்தவை போலவே இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் காக்க வேண்டியது தூக்கம் என்பது என் கருத்து. இரவில் மாமியாருக்காக விழிக்க நேர்கிறது என்றால், மாறி மாறி விழிப்பதற்கான ஏற்பாட்டையே முதல் கோரிக்கையாக வையுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரத்தை ஒன்றாக வைத்துக்கொள்வது தூக்கத்தின் ஒழுங்குக்கு உதவும். காபி, தேநீரில் உள்ள காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் மாலைக் கோப்பையை முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாத்திரை சாப்பிடத் தொடங்கி மூன்று மாதங்களில் நன்றாகிவிட்டேன். இனியும் எதற்கு என்று நானே நிறுத்தினேன். ஒரு வாரமாகத் தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் இருக்கின்றன. மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா?

பதில்: இல்லை. மனச்சோர்வு மருந்துகளில் பலவற்றைத் திடீரென நிறுத்தினால் நீங்கள் குறிப்பிடும் அறிகுறிகள் வரக்கூடும். மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கையும் அளவை ஏற்றிக்கொண்டே போவதும்தான் அடிமைப்படுதலின் அடையாளங்கள். உங்களிடம் அவை இல்லை. மருந்து கொடுத்த மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். அளவைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அவர் தருவார். இந்த மருந்துகள் பலன் காட்டப் பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும், பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொடக்கத்தில் பலர் கைவிடுவதற்கு இதுதான் காரணம். நலமான பிறகு நிறுத்துபவர்களின் தவறு வேறு வகை. அறிகுறிகள் மறைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பதே வழக்கமான பரிந்துரை. உங்கள் கணக்கு மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. மருத்துவரின் கணக்கு நலமான நாளிலிருந்து தொடங்குகிறது.

கேள்வி: மூன்று ஆண்டுகள் நன்றாக இருந்தேன். சிகிச்சை, நடைப்பயிற்சி, தியானம் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். கடந்த பத்து நாட்களாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வருகிறது. நண்பர்களின் அழைப்புகளை எடுக்காமல் விடுகிறேன். மீண்டதெல்லாம் பொய்யா? மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: முதலில் ஒரு நேரடியான கேள்வி. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா? வந்தால் இந்தப் பதிலின் எஞ்சிய பகுதியைப் பிறகு படிக்கலாம். இப்போதே நம்பிக்கைக்குரிய ஒருவரை அழைத்து அருகில் இருக்கச் சொல்லுங்கள், உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ தொடர்புகொள்ளுங்கள். இப்படிக் கேட்பதே அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அவ்வாறு நேர்வதில்லை என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன, கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார்கள்.

மனச்சோர்வு ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது மறுபடியும் வருகிறது. இதைச் சொல்வது அச்சுறுத்துவதற்காக அன்று. திரும்பி வருவது இந்த நோயின் இயல்பு; அதை உங்கள் உழைப்பின் குறையாக எண்ண வேண்டாம். மூன்று ஆண்டுகள் நீங்கள் வேலை செய்தீர்கள், சிரித்தீர்கள், உறங்கினீர்கள். பத்து மோசமான நாட்கள் வந்ததனால் அந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள் நடவாதவை ஆகிவிடுமா? முதல் கடிதத்தை எழுதிய வாசகரும் நீங்களும் ஒரே தவற்றைச் செய்கிறீர்கள்: அவர் நலமடைந்த பிறகும் நோயின் கண்ணாலேயே நோய்க் காலத்தைப் பார்க்கிறார், நீங்கள் நோயின் தொடக்கத்திலிருந்துகொண்டு நலமாக இருந்த காலத்தைப் பார்க்கிறீர்கள்.

முதல்முறை நோய் வந்தபோது அதை அடையாளம் காண உங்களுக்கு எத்தனை மாதங்கள் ஆயின? இம்முறை பத்தே நாட்களில் தூக்கத்தையும் அழைப்புகளையும் கவனித்திருக்கிறீர்கள். நான் என் பங்குக்கு, நலமாக இருக்கும் காலத்தில் ஒரே ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு நோய் திரும்பும்போது முதலில் என்னென்ன மாறும், யாரிடம் சொல்ல வேண்டும், எந்த மருந்து முன்பு ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, எந்த வேலைகளை உடனே தள்ளிப்போட வேண்டும் என்பவை அதில் இருக்கின்றன. முதல் வரி, ‘செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றாமல் மூன்று நாட்கள் ஆகிவிட்டன’ என்பது. பிறருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். என் வீட்டில் உள்ளவர்கள் இந்த வரியைக் கண்டு சிரிப்பதில்லை. அந்தப் பக்கத்தின் படி ஒன்று என் மனைவியிடம் இருக்கிறது, ஏனெனில் நோய் வந்த பிறகு அதை எடுத்துப் படிக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றாது. நலனுக்கு முதலிடம் கொடுப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்: தெளிவான மனம் இருக்கும்போதே, தெளிவில்லாத நாளுக்கான முடிவுகளைச் செய்து வைப்பது.

தியானத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்தந்தக் கணத்தில் நிகழ்வதைக் கவனிக்கப் பழகும் விழிப்புணர்வுப் பயிற்சியோடு இணைந்த எட்டு வாரக் குழுச் சிகிச்சை, மூன்று முறைக்குக் குறையாமல் மனச்சோர்வு வந்தவர்களிடம் அது திரும்புவதைக் குறைத்தது என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. அது நோயில்லாத இடைவெளியில் கற்றுக்கொள்வதற்கென வகுக்கப்பட்டது. இப்போதைய நிலையில் கண்ணை மூடி அமர்ந்தால் அசைபோடுதல்தான் மிஞ்சுகிறது என்றால் சில நாட்களுக்கு அதை விட்டுவிட்டு நடைப்பயிற்சியை மட்டும் தொடருங்கள்.

நாளைக் காலை மருத்துவரிடம் நேரம் கேளுங்கள். அடுத்த மாதம் வழக்கமான சந்திப்பு இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். போகும்போது, கடந்த பத்து நாட்களும் எத்தனை மணிக்கு விழித்தீர்கள், எத்தனை அழைப்புகளை எடுக்காமல் விட்டீர்கள் என்று தேதி வாரியாக ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவ்வாறு விட்ட அழைப்புகளில் ஒன்றுக்கு, ஒருவருக்கு மட்டும், இன்று மாலை திரும்ப அழைத்து, ‘உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் பேசுகிறேன்’ என்று சொல்லி வையுங்கள்.